மூசை, மண்ணு, பெட்டி: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் வீட்டுல மண் அச்சு போட்டு சின்னச் சின்ன சாமான் வார்க்கிறதைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு கடுதாசி வரும்னு நினைக்கவே இல்லைங்க. முப்பது வருஷம் கோயம்புத்தூர்ல மோல்டரா நின்னவன் நான், பம்புசெட் பாடியில இருந்து கிரைண்டர் பாகம் வரைக்கும் மண்ணுல இடிச்ச கை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணாச் சேர்த்துட்டேன்.

கேள்வி: அண்ணா, டிப்ளமோ மெக்கானிக்கல் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். பழைய அலுமினியப் பாத்திரத்தை மொட்டை மாடில வெச்சு உருக்கி கீசெயின் வார்க்கலாம்னு நானும் ஃப்ரெண்டும் பிளான் போட்டிருக்கோம். பழைய ஜிஐ பக்கெட்ல மண் பூசி உலை கூட பண்ணியாச்சு. வேற என்ன வேணும்?
– ஈரோட்டிலிருந்து ஒரு மாணவர்

பதில்: தம்பி, முதல்ல அந்த மொட்டை மாடியை விட்டு இறங்குங்க. கான்கிரீட் பார்க்க காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஈரம் எப்பவும் இருக்கும், அது மேல உருகின அலுமினியம் ஒரு கரண்டி சிந்துனா போதும், உள்ள இருக்குற ஈரம் ஆவியாகி தளத்தைப் பேத்துக்கிட்டு வெடிக்கும், அந்தத் துண்டோட சேர்ந்து உலோகமும் உங்க மேல வரும். தண்ணி ஆவியானா கிட்டத்தட்ட 1700 மடங்கு பெருகும், அதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. வெறும் மண் தரையில, நாலு விரக்கடை உயரத்துக்கு காஞ்ச மணலைப் பரப்பி அதுமேல நின்னுதான் வேலை பண்ணணும். ஜிஐ பக்கெட்டும் வேண்டாம், அதுல பூசியிருக்கறது துத்தநாகம், விளிம்பு சூடானா வெள்ளைப் புகையா கிளம்பும், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. பெயின்ட் போகிற வரைக்கும் காலியா எரிச்ச சாதா இரும்பு டப்பா எடுத்துக்கோங்க, உள்ள பூசுன மண்ணும் நல்லா காஞ்சிருக்கணும்.

அதைவிட முக்கியமா ஒண்ணு சொல்றேன், முதல் வார்ப்பை அலுமினியத்துல ஆரம்பிக்காதீங்க. அது 660 டிகிரியில உருகும், ஊத்தணும்னா 700க்கு மேல ஏத்தணும், அந்தச் சூட்டுல கூட பகல் வெளிச்சத்துல சிவப்பா தெரியாதுங்க, பால் மாதிரி வெள்ளையா பளபளன்னு சும்மா நிக்கும், பார்க்குறவனுக்கு சூடாவே தோணாது, புதுசா வர்ற பசங்க அதுலதான் ஏமாறுவாங்க. வெள்ளீயத்துல ஆரம்பிங்க. 232 டிகிரிதான், ஒரு இரும்புச் சட்டி, ஒரு இரும்புக் கரண்டி, கரி அடுப்பு போதும். கிலோ ஆயிரக்கணக்குல விலை, வாஸ்தவம்தான், ஆனா கீசெயினுக்கு ஐம்பது கிராம் கூட வேண்டாம், சரியா வரலைன்னா திரும்ப அதையே உருக்கிக்கலாம். நம்ம வீடுகள்ல ரசம் வெக்கிற ஈயச் சொம்பு இந்த வெள்ளீயம்தான். காரீயம் வேற, அது விஷம், அதைப் பத்தி கீழ சொல்றேன். வெள்ளீயக் கம்பியை வளைச்சா காதுகிட்ட 'கறகற'ன்னு ஒரு சத்தம் கேக்கும், காரீயத்துல அது கேக்காது, அதை வெள்ளைப் பேப்பர்ல இழுத்தா பென்சில் மாதிரி கோடு விழும். ரெண்டும் கலந்து வித்திருந்தா இதை வெச்சு பிடிக்க முடியாது, அதனால பில் போட்டுக் குடுக்குற கடையில மட்டும் வாங்குங்க.

சூடு பதமான்னு பார்க்க, காஞ்ச நியூஸ்பேப்பர் கீத்து ஒண்ணை உருகின வெள்ளீயத்துல தொட்டு எடுங்க, லேசா பழுப்பானா ஊத்தலாம், கருகிப் புகைஞ்சா சூடு ஜாஸ்தி.

கேள்வி: ஆத்து மணல்ல தண்ணி தெளிச்சு பண்ணிப் பார்த்தேன், பேட்டர்னைத் (அச்சு எடுக்க மண்ணுல பதிக்கிற மாதிரிப் பொருள்) தூக்குனதும் பொலபொலன்னு உதிர்ந்துடுது. கடல் மணல் நைசா இருக்கே, அது ஆகுமா? பெண்டோனைட்னு எழுதியிருந்தீங்க, எங்க ஊர்ல யாருக்கும் தெரியல.
– தூத்துக்குடி வாசகர் ஒருத்தர். இதே கேள்வி இன்னும் நாலு பேர்

பதில்: இந்தக் கேள்விதாங்க எல்லாத்துக்கும் அடிப்படை, கொஞ்சம் நிதானமாவே சொல்றேன். மணல் மட்டும் தனியா எதையும் பிடிச்சு நிக்காது, மணலுக்கும் மணலுக்கும் நடுவுல களி வேணும், அந்தக் களிக்கு உயிர் குடுக்க கொஞ்சூண்டு தண்ணி வேணும், அவ்வளவுதான் பச்சை மண் அச்சு. பத்து கிலோ காஞ்ச நைஸ் மணலுக்கு ஒரு கிலோ பெண்டோனைட்ங்கிற களிமண் பவுடர், தண்ணி முந்நூறுல இருந்து நானூறு மில்லி. முதல்ல மணலையும் பவுடரையும் காஞ்சபடியே கலந்துடணும், அப்புறம் ஸ்ப்ரே பாட்டில்ல தெளிச்சு தெளிச்சு பிசையணும், மொத்தமா ஊத்துனீங்கன்னா பெண்டோனைட் உருண்டை உருண்டையா கட்டிக்கும். கலந்ததை மூடி போட்ட டப்பால ஒரு ராத்திரி வெச்சுடுங்க, தோசை மாவு புளிக்க விடுற மாதிரி, ஈரம் எல்லா இடத்துக்கும் சமமா போய்ச் சேரட்டும். காலையில எடுத்து மாவுச் சல்லடையில ஒரு தடவை சலிச்சுடுங்க (அந்தச் சல்லடை அதுக்கப்புறம் அடுப்படிக்குப் போகக் கூடாது).

பதம் பார்க்கறதுக்கு மெஷின் எல்லாம் வேண்டாம். ஒரு பிடி எடுத்து கெட்டியா அமுக்குங்க, கையைத் திறந்தா கொழுக்கட்டை மாதிரி விரல் தடம் அப்படியே நிக்கணும், கையில ஒட்டக் கூடாது. அதை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒடிங்க, சோன்பப்டி உதிர்ற மாதிரி உதிர்ந்தா தண்ணி பத்தல, வளைஞ்சு இழுத்தா தண்ணி ஜாஸ்தி, பிஸ்கட் ஒடிக்கிற மாதிரி ஒரே கோட்டுல 'டக்'னு ஒடிஞ்சா அதுதான் பதம். முப்பது வருஷமும் தினம் காலையில நான் முதல்ல பண்ணுன வேலை இந்த ஒரு பிடிதான், சூப்பர்வைசர் டெஸ்ட் ரிப்போர்ட் கொண்டு வர்றதுக்கு முன்னாடியே கை சொல்லிடும்.

கடல் மணல் வேண்டாம்ங்க, உப்பு இருக்கு, சிப்பித் தூள் இருக்கு, சிப்பி சூட்டுல வாயு விடும், அது வார்ப்புல ஓட்டையா வந்து நிக்கும், அதுவுமில்லாம கடற்கரையில மணல் அள்றது சட்டப்படி தப்பு. பெண்டோனைட் உங்க ஊர்லயே கிடைக்கும், எர்த்திங் போடுற எலக்ட்ரிக்கல் கடையில கேளுங்க, குழியில கொட்டுற பவுடர் அதுதான், ஆனா உப்போ கரியோ கலக்காத தனி பெண்டோனைட் மூட்டைன்னு கேட்டு வாங்கணும். போர்வெல் சாமான் கடையிலயும் வெச்சிருப்பாங்க. காஞ்ச மணலையும் பவுடரையும் கலக்கும்போது என்95 மாஸ்க் கட்டாயம் போடுங்க. அந்த நைஸ் சிலிக்கா தூசி நுரையீரலுக்குள்ள போனா திரும்ப வராது, என்கூட வேலை பார்த்த ரெண்டு பேர் மூச்சு வாங்கி படி ஏற முடியாம ஆனதைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்.

கேள்வி: அச்சு எடுக்குறதை ஸ்டெப் ஸ்டெப்பா ஒருக்கா சொல்லுங்க சார், போன மாசம் எழுதினது புரியல.
– கரூர் வாசகர்

பதில்: ரீப்பர் கட்டையில ஒரே அளவுல ரெண்டு சட்டம் அடிச்சுக்கோங்க, அடியும் மேலயும் திறந்து இருக்கணும், அதுதான் கீழ்ப்பெட்டி மேல்பெட்டி. ஒரு சமமான பலகை மேல பேட்டர்னை தட்டைப் பக்கம் கீழ இருக்குற மாதிரி வெச்சு, கீழ்ப்பெட்டியைச் சுத்தி வெச்சு, டால்கம் பவுடரை துணியில முடிஞ்சு லேசா தட்டி விடுங்க. முதல் ஒரு அங்குலம் மண்ணு சல்லடையில சலிச்சு விழணும், பேட்டர்ன் மேல அந்த மண்ணை விரலால அழுத்துங்க, அதுக்கு மேல கொட்டி கட்டையால இடிக்கலாம், ஓரத்துல நல்லா, நடுவுல கொஞ்சம் மெதுவா. ஸ்கேலால வழிச்சுட்டு பலகையோட சேர்த்துத் திருப்புங்க. இப்போ பேட்டர்னோட முதுகு தெரியும், மறுபடி பவுடர், மேல்பெட்டி, முக்கா இஞ்ச் பிவிசி பைப் துண்டு ஒண்ணை பேட்டர்னுக்குப் பக்கத்துல நட்டு வெச்சு மண்ணு போட்டு இடிச்சுட்டு, பைப்பை உருவிடுங்க, உலோகம் இறங்குற வழி அதுதான். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால பேட்டர்ன் இருக்குற இடத்துக்கு மேல எட்டு பத்து ஓட்டை குத்துங்க, பேட்டர்னைத் தொடாம, ஒரு அரை இஞ்ச் முன்னாடியே நிறுத்தணும், ஆவி வெளிய போக அந்த வழி வேணும்.

மேல்பெட்டியை நேரா தூக்கி ஓரமா வெச்சுட்டு, பைப் இறங்குன இடத்துல இருந்து பேட்டர்ன் வரைக்கும் ஸ்பூனால ஒரு வாய்க்கால் வெட்டுங்க. பேட்டர்ன்ல ஒரு ஸ்க்ரூவை முறுக்கி, அந்த ஸ்க்ரூவை நாலு பக்கமும் லேசா தட்டி, மூச்சை அடக்கிட்டு நேரா மேல தூக்குங்க. பேட்டர்னோட பக்கவாட்டுல லேசான சரிவு, ரெண்டு டிகிரி இருந்தாலே போதும், இல்லாம செங்குத்தா இருந்தா எவ்வளவு நிதானமா தூக்குனாலும் மண்ணைப் பேத்துக்கிட்டுத்தான் வரும். உதிர்ந்த மண்ணை ஊதி விட்டு, மேல்பெட்டியை மூடி, மேல ரெண்டு செங்கல் வைங்க. உருகின உலோகம் மேல்பெட்டியை மிதக்க வைக்கும், செங்கல் இல்லைன்னா நடுவுல இருந்து பக்கவாட்டுல ஒழுகிடும்.

ஊத்த ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாது. விட்டு விட்டு ஊத்துனா தோசைக்கல்லுல ரெண்டு தடவை ஊத்துன மாவு மாதிரி நடுவுல கோடு விழுந்துடும்.

கேள்வி: அலுமினியத்துல பண்ணிட்டு இருக்கேன். வெளிய பார்த்தா நல்லா இருக்கு, அரம் போட்டா உள்ள குண்டூசி குத்துன மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு. மண்ணு ஈரம் ஜாஸ்தியோ?
– ஓசூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: இல்லைங்கம்மா, நீங்க சொல்றதைப் பார்த்தா அது மண்ணு பண்ணுன தப்பு இல்ல. மண்ணு ஈரம் ஜாஸ்தின்னா ஓட்டை பெருசா, வழவழன்னு, பெரும்பாலும் மேல்தோலுக்குக் கிட்ட இருக்கும். உங்களுது உள்ள முழுக்க பொடிப் பொடியா இருக்குன்னா அது ஹைட்ரஜன். உருகின அலுமினியம் சுத்தி இருக்குற ஈரத்துல இருந்து ஹைட்ரஜனை உள்ள இழுத்து வெச்சுக்கும், சூடு ஏற ஏற இன்னும் நிறைய இழுக்கும், உறையும்போது அதை வெச்சுக்க முடியாம வெளிய தள்ளும், கோலி சோடாவைத் திறந்தா குமிழி வர்ற மாதிரி. அதனால ஸ்கிராப்பை எண்ணெய், தண்ணி இல்லாம காய வெச்சுப் போடுங்க, உருகினதும் இன்னும் சூடு ஏறட்டும்னு உலையில போட்டு வெக்காதீங்க, கிளறிக்கிட்டே இருக்காதீங்க, மேல இருக்குற கசடை ஒரே தடவை ஒதுக்கிட்டு உடனே ஊத்திடுங்க.

தடிமனான இடத்துல குழி விழுந்திருந்தா அது வேற கதை, அது சுருக்கம். அலுமினியம் உறையும்போது கொள்ளளவுல நூத்துக்கு ஆறு ஏழு பங்கு சுருங்கும், தடிமனான இடம் கடைசியா உறையும், அதுக்கு ஊட்ட உலோகம் இல்லைன்னா உள் வாங்கிடும். அந்த இடத்துக்குத் தலைக்கு மேல ஒரு ரைசர், அதாவது அதைவிட தடிமனா ஒரு உலோகக் கிணறு வெச்சுடுங்க, அது கடைசியா உறைஞ்சு கீழ இருக்கறதுக்கு ஊட்டும், அப்புறம் ரம்பத்துல அறுத்துடலாம்.

என்ன ஸ்கிராப் போடுறீங்கன்னு எழுதல. கூல்டிரிங்ஸ் டின் வேண்டாம், ரொம்ப மெலிசு, பாதி கசடாத்தான் போகும். ஜன்னல் செக்ஷன் உருகும், ஆனா சரியா ஓடாது. பழைய பிஸ்டன், இன்ஜின் கவர் மாதிரி ஏற்கனவே வார்த்த சாமான்தான் நல்லது, அதுல சிலிக்கான் கலந்திருக்கும், நுணுக்கமான இடத்துக்குள்ளயும் ஓடும். எங்க ஊர்ப் பக்கம் எல்எம் 6ங்கிற வார்ப்பு அலுமினியக் கட்டியே வாங்கலாம். மெக்னீசியம் கலந்த வீல், மரம் அறுக்குற செயின்சா மெஷின் பாடி மட்டும் தெரியாம கூட போட்டுடாதீங்க, பத்திக்கிட்டா தண்ணியில அணையாது, தண்ணி ஊத்துனா இன்னும் மோசம்.

கேள்வி: எங்க பாட்டி காலத்து உடைஞ்ச பித்தளை விளக்கு, சொம்பெல்லாம் மூட்டையா கிடக்கு. உருக்கி புதுசா ஒரு சின்ன காமாட்சி விளக்கு வார்க்க ஆசை. நாச்சியார்கோவில்ல மண்ணுலதானே வார்க்குறாங்க, நாமளும் வார்க்க முடியாதா?
– கும்பகோணம் வாசகி

பதில்: ஆமாங்க, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு மண் பெட்டியில வார்க்கறதுதான், காவிரிக்கரை வண்டல் மண்ணு, அது பதத்துல இருந்தா இழை இழையா பதிஞ்சு வரும், புவிசார் குறியீடு கூட வாங்கியிருக்கு. பித்தளை 900 டிகிரிக்கு மேலதான் உருகும், அதுல கலந்திருக்குற துத்தநாகமோ 907 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாகிடும். அதாவது பித்தளை உருகுற சூட்டுலயே வெள்ளைப் புகை கிளம்ப ஆரம்பிச்சுடும். அதை சுவாசிச்சா அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, ராத்திரி குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும், வாய் எல்லாம் இரும்பு கடிச்ச மாதிரி இருக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும், சளிக்காய்ச்சல்னு நினைச்சுட்டு மறுபடியும் போய் நிப்பாங்க. பட்டறைக்காரங்க எந்தப் பக்கம் காத்து அடிக்குது, எப்போ முகத்தைத் திருப்பணும்னு தலைமுறையா பழகுனவங்க, கூரையும் அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கும். வீட்டு முற்றத்துல அதை நான் பண்ணச் சொல்ல மாட்டேன். நீங்க இருக்குற ஊர்ல இருந்து பட்டறை எட்டிப்பிடிக்குற தூரம்தான், பாட்டி பித்தளையைக் கொண்டு போய் குடுத்து, நீங்களே மெழுகுலயோ மரத்துலயோ செஞ்ச பேட்டர்னையும் குடுத்துப் பாருங்க. விளக்கு உங்க கை வேலையும் ஆகும், பாட்டி சொத்தும் உள்ள இருக்கும்.

கேள்வி: சுவாமிமலையில சிலையை ஏன் மண் பெட்டியில வார்க்காம மெழுகுல பண்றாங்க?
– அதே வாசகி

பதில்: பெட்டியைப் பிரிச்சு பேட்டர்னை வெளிய எடுக்கணுமே. சிலையில கை, விரல், மாலைன்னு எல்லாப் பக்கமும் கொக்கி மாதிரி மண்ணைப் பிடிச்சுக்கும். மெழுகுன்னா அப்படியே உருகி வடிஞ்சுடும், எடுக்கவே வேண்டியதில்ல.

கேள்வி: பழைய ஃபேன் ரெகுலேட்டர் குமிழ் உடைஞ்சிடுச்சு, அதையே ஒட்டி பேட்டர்னா வெச்சா அதே அளவு வருமா? எவ்வளவு உலோகம் வேணும்னு எப்படி கணக்குப் போடுறது?
– மதுரை வாசகர்

பதில்: கொஞ்சம் சின்னதா வரும். அலுமினியம்னா நூறு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் சுருங்கும், பேட்டர்ன் மேக்கர் கையில இருக்குற ஸ்கேலே அதுக்குத் தகுந்த மாதிரி நீட்டித்தான் கோடு போட்டிருக்கும். குமிழ் அளவுக்கு அது பெருசா தெரியாது, பேட்டர்ன் மேல ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சா சரியாப் போயிடும், நடுவுல இருக்குற ஓட்டையை மட்டும் வார்க்காம டிரில் போட்டுக்கோங்க.

கணக்கு சுலபம்ங்க. ஒரு டம்ளர்ல தளும்பத் தளும்ப தண்ணி வெச்சு பேட்டர்னை முக்குங்க, வழிஞ்ச தண்ணியைப் பிடிச்சு மில்லியில அளந்து, அலுமினியம்னா 2.7 ஆல பெருக்குங்க, வெள்ளீயம்னா 7.3 ஆல, அத்தனை கிராம். வாய்க்கால், ரைசர், கசடு எல்லாத்துக்கும் சேர்த்து அதுல ரெண்டு மடங்கு உருக்கிக்கோங்க. மிச்சம் வந்தா கொட்ட, காய வெச்ச இரும்பு அச்சு ஒண்ணு முன்கூட்டியே சூடு பண்ணி பக்கத்துல இருக்கணும்.

'காய வெச்ச'ன்னு திரும்பத் திரும்ப சொல்றேனே, அதுக்குக் காரணம் இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், அப்போ இருந்த பட்டறையில, கசடு எடுக்குற கரண்டி தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல கிடந்துச்சு. ஒரு அண்ணன் அதை எடுத்து லுங்கியில துடைச்சுட்டு நேரா மூசைக்குள்ள, அதாவது உலோகம் உருக்குற பாத்திரத்துக்குள்ள, விட்டார். சத்தம் பெருசா கூட இல்லைங்க, எண்ணெய்ச் சட்டியில தண்ணி பட்ட மாதிரி ஒரு 'டப்'. நிமிர்ந்து பார்த்தா கூரைத் தகரத்துல அலுமினியம் சொட்டுச் சொட்டா ஒட்டியிருக்கு, அவர் கழுத்துலயும் முன்கையிலயும். கண்ணாடி போட்டிருந்தார், அதனால கண்ணு மிஞ்சிச்சு. கரண்டியோட கைப்பிடி சேர்ற மடிப்புக்குள்ள ஒரு சொட்டு தண்ணி நின்னிருக்கு, அவ்வளவுதான். அன்னிக்கு இருந்து எந்தக் கரண்டியையும் உலை ஓரத்துல சூடு காட்டாம நான் உள்ள விட்டதே இல்ல.

போடுற துணியும் அப்படித்தான், காட்டன் முழுக்கை சட்டை, காட்டன் பேன்ட், பேன்ட் ஷூவுக்கு வெளிய தொங்கணும், லெதர் ஷூ, லெதர் கிளவுஸ், முகம் முழுக்க மறைக்கிற ஷீல்டு. பாலியஸ்டர் உருகி தோல்ல ஒட்டிக்கும். சுட்டுடுச்சுன்னா இங்க், பேஸ்ட், மாவு எதுவும் தடவாதீங்க, குழாயைத் திறந்து விட்டு இருபது நிமிஷம் ஓடுற தண்ணியில காட்டிட்டு நேரா ஆஸ்பத்திரி.

கேள்வி: நாங்க மீன்பிடிக்கிற குடும்பம். தூண்டில் குண்டு, வலைக் குண்டு எல்லாம் பழைய பேட்டரி ஈயத்துல வீட்டுலயே ஊத்திக்குவோம். மண் அச்சுல ஊத்துனா வேலை சுலபமாகுமா?
– நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து

பதில்: அண்ணே, அச்சு சொல்லித் தர்றது எனக்கு அஞ்சு நிமிஷ வேலை, ஆனா சொல்ல மனசு வரல. பேட்டரியை உடைச்சு உருக்குறதை இன்னியோட விட்டுடுங்க. காரீயத் தூசி வீட்டுத் தரையில, துணியில, கைல தங்கும், தவழுற குழந்தை அதை வாயில வைக்கும், குழந்தையோட மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும், இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு அளவே காரீயத்துக்குக் கிடையாது. ரெடியா விக்கிற குண்டு வாங்குறது, முடிஞ்ச இடத்துல சுட்ட மண் குண்டோ கல்லோ கட்டுறது, ரெண்டும் இதைவிட மேல். இத்தனை நாள் வீட்டுல ஊத்தியிருக்கீங்கன்னா, சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட விஷயத்தைச் சொல்லி ரத்தத்துல காரீயம் எவ்வளவு இருக்குன்னு டெஸ்ட் எடுத்துடுங்க, தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: வீட்டு கேஸ் சிலிண்டர்ல பர்னர் மாட்டி உலை எரிக்கலாமா?
– சேலம் வாசகர்

பதில்: வீட்டு சிலிண்டர் சமையலுக்கு மட்டும்தான், வேற வேலைக்கு எடுக்கறது சட்டப்படி தப்பு. கமர்ஷியல் சிலிண்டர் எடுங்க, இல்ல மரக்கரியும் கொல்லுப் பட்டறை ப்ளோவரும் போதும். கரின்னா திறந்த வெளியில மட்டும், ஷெட்டுக்குள்ள கூடாது, அதுல கிளம்புற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே இருக்காது, ஆளைச் சாய்ச்சுடும்.

கேள்வி: நீங்க எழுதினதைப் படிச்சுட்டு என் பொண்ணு, பன்னெண்டு வயசு, தினமும் கேக்குறா. அவளுக்கு எதுவும் சொல்லிக் குடுக்க முடியுமா சார்?
– திருச்சியிலிருந்து ஒரு அப்பா

பதில்: தாராளமா. உலோகம் மட்டும் வேண்டாம், மிச்சம் எல்லாம் அவளே பண்ணலாம். மணலும் பெண்டோனைட்டும் காஞ்சபடி கலக்குற வேலையை நீங்க வெளிய வெச்சு முடிச்சுக் குடுத்துடுங்க, ஈரமான மண்ணு தூசி பறக்காது, அதுல சலிக்கிறது, இடிக்கிறது, திருப்புறது எல்லாம் அவ கை. பேட்டர்னுக்கு தாயக்கட்டை, பழைய செப்புச் சாமான் மூடி, புளியங்கொட்டை, எது வேணாலும். உலோகத்துக்குப் பதிலா மெழுகுவத்தியை நீங்க உருக்கி, கொஞ்சம் ஆறி ஓரத்துல வெள்ளை கட்ட ஆரம்பிக்கும்போது ஊத்திக் குடுங்க, ரொம்ப சூடா ஊத்துனா மண்ணுக்குள்ள இறங்கிடும். இல்லைன்னா பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தோசை மாவு பதத்துல கரைச்சு ஊத்தலாம், அரை மணி நேரத்துல இறுகிடும்.

அதுக்கு முன்னாடி ஒரு தடவை, பதமா இருக்குற மண்ணு மேல அவ கட்டை விரலை அழுத்தச் சொல்லி, அந்தக் குழியில மெழுகு ஊத்திப் பாருங்க. ரேகை அப்படியே வந்திருந்தா மண்ணு ரெடி, பெட்டி போடச் சொல்லுங்க.